"டைரக்ட் குடுத்துட்டேன் சார்!"

பழைய அம்பாசடரோ பத்மினியோ வச்சிருக்கற எல்லாருக்கும் இந்த வாக்கியம் நல்லாத் தெரியும். சாவியைத் திருப்பினா வண்டி கம்முன்னு கிடக்கும், இல்லைன்னா ஓடிக்கிட்டு இருக்கும்போதே நடுரோட்டுல செத்துப் போகும். பட்டறையில விடுவோம். சாயங்காலம் கைத்துணியில கையைத் துடைச்சிக்கிட்டே வந்து சொல்வாங்க: "டைரக்ட் குடுத்துட்டேன் சார், இனிமே பிரச்சினையே வராது." நாமும் ஏதோ பெரிய ஆபரேஷன் முடிஞ்ச மாதிரி காசை நீட்டிட்டு வந்துடுவோம்.

இந்தப் பதிவு அந்த வாக்கியத்துக்கு எதிரானது. அதைச் சொல்றவங்களை விட, கேட்டுட்டு தலையாட்டற நம்ம மேலதான் எனக்குக் கோபம் அதிகம். (ஆணி புடுங்கற வேலைக்கு நடுவுல எழுதறேன், கொஞ்சம் சூடா இருந்தா பொறுத்துக்கோங்க மக்களே.)

டைரக்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பேட்டரியிலிருந்து வர்ற கரண்ட் இக்னிஷன் சுவிட்ச் வழியாப் போய்தான் காயிலுக்குச் சேரணும். நடுவுல எங்கயோ கோளாறு. எங்கன்னு தேடறதுக்கு நேரமோ பொறுமையோ இல்லை. உடனே பேட்டரியிலிருந்து நேரா காயிலுக்கு ஒரு ஒயர், டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு சின்ன டாகிள் சுவிட்ச். வீட்டு காலிங் பெல்லுக்குப் போடற மாதிரி மெல்லிசு ஒயர், ஃபியூஸ் கிடையாது, முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தியாச்சு. நம்ம ஊர் வெயில்ல பானெட்டுக்கு அடியில அந்த டேப் ஒரு சித்திரை மாசம் தாங்கினாலே பெரிசு. பசை உருகி வழிஞ்சு, டேப் தனியா ஒயர் தனியாத் தொங்கும்.

"வண்டி ஓடுதுல்ல?" ஓடுது சாமி. அதுதான் பிரச்சினையே. ஓடாம இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் தேடியிருப்பாங்க.

திருச்சியில எங்க மாமாகிட்ட ஒரு அம்பாசடர் மார்க் 4 இருக்கு. 1489 சிசி பெட்ரோல் என்ஜின். உத்தர்பாராவில 2014 மே மாசம் உற்பத்தியே நின்னு போன பிறகும் மனுஷன் அதை விக்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னார். வியாதி இதுதான்: முக்கால் மணி நேரம் நல்லா ஓடும், அப்புறம் பொட்டுனு அணையும். இருபது நிமிஷம் வேப்பமர நிழல்ல நின்னா மறுபடி கிளம்பும். முதல்ல எல்லாரும் சொன்னது பெட்ரோல் கொதிக்குது, பம்ப் மேல ஈரத்துணி போடுங்கன்னு. போட்டார். அப்புறம் காயில் மாத்தினாங்க, கண்டென்சர் மாத்தினாங்க, இக்னிஷன் சுவிட்சையே ரெண்டு தடவை மாத்தினாங்க. கடைசியா ஒரு எலெக்ட்ரீசியன் வந்து, "பழைய வண்டி அண்ணே, ஒயரிங் எல்லாம் போச்சு" அப்படின்னு தீர்ப்பு சொல்லிட்டு, காயிலுக்கு வர்ற வெள்ளை ஒயரை வெட்டிவிட்டு டைரக்ட் குடுத்துட்டார். வண்டி நிக்கவே இல்லை. மாமாவுக்கு ஆனந்தக் கண்ணீர்.

நாலு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி வண்டியை ஷெட்டுல விட்டுட்டு, நாற்பது வருஷப் பழக்கத்துல சாவியை உருவிக்கிட்டு உள்ள போயிட்டார். டாகிள் சுவிட்ச் ஆன்லயே இருந்துருக்கு. டேஷ்போர்டுல சிவப்பு விளக்கு எரிஞ்சிருந்தா கவனிச்சிருப்பார், ஆனா அந்த விளக்கு சாவியோட சர்க்யூட்டுல இருக்கறது. சாவியை எடுத்தா அதுவும் போச்சு. டிஸ்ட்ரிபியூட்டர்ல பாயிண்ட் சேர்ந்த நிலையில என்ஜின் நின்னிருந்தா காயில் 3 ஓம், பேட்டரி 12 வோல்ட், ஆக 4 ஆம்பியர் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். 48 வாட் சூடு, உள்ளங்கையில அடங்கற ஒரு டப்பாவுக்குள்ள. பதினொரு மணிக்கு அத்தை பால் பாத்திரத்தை எடுத்து வைக்க வந்தப்ப கருகல் வாசனை. காயில் தொட முடியாத சூட்டுல எண்ணெய் கசிஞ்சிக்கிட்டு இருந்தது. பக்கத்துலயே அரிசி மூட்டை, பழைய பேப்பர் கட்டு. அத்தை அன்னிக்கு சீக்கிரம் தூங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிக்க எனக்குப் பிடிக்கலை.

அந்தப் பொங்கல் லீவுக்கு மல்டிமீட்டரோட ஊருக்குப் போனேன். இனிமே வர்றது கொஞ்சம் வறட்டு மேட்டர்தான், ஆனா இந்தப் பதிவோட உசுரே இங்கதான் இருக்கு, தாண்டிப் போயிடாதீங்க.

நம்மாளுங்க டெஸ்ட் பண்ற முறை என்ன? ஒயரைக் கழட்டி டெஸ்ட் லேம்ப்போ மீட்டரோ வச்சுப் பார்ப்பாங்க. "12 வோல்ட் வருது சார், லைன் ஓகே." இது டெஸ்டே இல்லை. கழட்டின ஒயர்ல கரண்டே ஓடலை. கரண்ட் ஓடாதப்ப துருப்பிடிச்ச கனெக்‌ஷன்லகூட வோல்ட் குறையாது, மீட்டர் முழு 12 காட்டும். குழாயை மூடி வச்சுக்கிட்டு பிரஷர் நல்லா இருக்குன்னு சொல்ற கதை. திறந்து தண்ணி விட்டாத்தான் எங்க அடைச்சிருக்குன்னு தெரியும்.

அதனால ஒயரைக் கழட்டக்கூடாது. வெட்டின வெள்ளை ஒயரை ஒழுங்கா சேர்த்துட்டு, பாயிண்ட் சேர்ந்த நிலையில என்ஜினை நிறுத்தி, சாவியை ஆன்ல வச்சு, காயில்ல நிஜமா கரண்ட் ஓடும்போதே அளக்கணும். மீட்டரோட சிவப்பு முனை பேட்டரி பிளஸ்ல, கறுப்பு முனை காயில் பிளஸ்ல. வர்ற ரீடிங்தான் வழியில காணாமப் போன வோல்ட். அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா ஆரோக்கியம். எங்க வண்டியில 2.9!

பேட்டரியில 12.4, காயிலுக்குக் கிடைச்சது 9.5. இதை வச்சுக்கிட்டு அந்த என்ஜின் முக்கால் மணி நேரம் ஓடினதே அதிசயம்.

அடுத்தது நம்ம தொழில்ல தினமும் பண்ற வேலை. சிவப்பு முனையை பேட்டரியிலேயே வச்சுட்டு, கறுப்பு முனையை வழி நெடுக நகர்த்தணும். ஸ்டார்ட்டர் சாலினாய்டுல பேட்டரி கேபிள் வந்து சேர்ற போல்ட்டுல 0.1. அங்கிருந்து பிரவுன் ஒயர் சுவிட்சுக்கு வந்து சேர்ற இடத்துல, ஒயரோட செம்பைத் தொட்டா 0.3. அதே ஒயர் முனையில இருக்கற லக்கைத் தொட்டா 2.7. முடிஞ்சது. அரை இன்ச் தூரத்துல 2.4 வோல்ட் முழுங்கப்பட்டிருக்கு. சுவிட்சிலிருந்து காயில் வரைக்கும் பாக்கி வழி மொத்தத்துக்கும் சேர்த்து 0.2தான்.

ஆக சுவிட்ச் நிரபராதி. ரெண்டு சுவிட்ச் மாத்தினாங்களே, ரெண்டு தடவையும் பழைய லக்கைப் பிடிச்சு இழுத்து, புது சுவிட்சுல அதையே சொருகியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் லூசாயிருக்கு. 3 ஆம்பியர் சொச்சம் ஓடற இடத்துல 2.4 வோல்ட் விழுந்தா ஏழு வாட்டுக்கு மேல சூடு. சூடாக சூடாக தடை ஏறும், ஏறினா இன்னும் சூடு, கடைசில ஸ்பார்க் செத்துடும். நிழல்ல ஆறினா திரும்ப உயிர் வரும். ஈரத்துணி, வேப்பமரம் எல்லாத்துக்கும் விளக்கம் கிடைச்சுதா? லக் விலை அஞ்சு ரூபாய். ஒயரைப் பளபளப்பான செம்பு வர்ற வரைக்கும் நறுக்கி, கிரிம்ப்பிங் ப்ளையர்ல ஒழுங்கா அழுத்திப் போட்டேன். மொத்த இழப்பு 0.4க்கு இறங்கிடுச்சு.

இதே வித்தையை எர்த் பக்கமும் செய்யணும், யாரும் செய்யறதில்லை. என்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு. அதுக்கும் பாடிக்கும் நடுவுல பின்னல் மாதிரி ஒரு செம்புப் பட்டைதான் உறவு. அது துருப்பிடிச்சா ஸ்டார்ட்டரோட நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் வேற வழி தேடிக்கிட்டு சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாப் போகும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சூடாச்சுன்னா சுவிட்சைக் குறை சொல்லாதீங்க.

ஒயரிங்கே போச்சுன்னு கையை விரிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அம்பாசடரோட மூலம் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, அதனால ஒயரிங்லயும் பிரிட்டிஷ் வண்டிகளோட லூகாஸ் வழக்கம்தான். பிரவுன்னா பேட்டரியிலிருந்து சாவியைக் கேக்காம வர்றது, வெள்ளைன்னா சாவி போட்டா வர்றது, பச்சைன்னா அதுவே ஃபியூஸ் தாண்டி வர்றது, வெள்ளையில சிவப்புக் கோடுன்னா செல்ஃபுக்குப் போறது, கறுப்பு எர்த். இவ்ளோதான் சார் இலக்கணம். அரை மணி நேரத்துல மனப்பாடம் ஆயிடும். இதைப் படிச்சிட்டா நாற்பது வருஷம் முந்தி அந்த லூமைக் கட்டின ஆளோட நேரா பேச முடியும். பச்சை ஒயர் கிடைக்கலைன்னு கையில கிடைச்ச சிவப்பு ஒயரைப் போட்டு ஒட்டறவர், அடுத்து வர்றவன் காதுல பொய் சொல்றார்னு அர்த்தம்.

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள்ல பெரும்பாலும் சுவிட்சுக்கு வர்ற பிரவுனுக்கும் காயிலுக்குப் போற வெள்ளைக்கும் ஃபியூஸே கிடையாது. உராய்ஞ்சு பாடியில பட்டா ஒயர்தான் ஃபியூஸ். ஏற்கனவே நிலைமை இப்படி இருக்க, அதுக்கு மேல ஃபியூஸ் இல்லாத இன்னொரு ஒயரை இழுக்கறதுதான் நீங்க சொல்ற ரிப்பேரா? (ஃபியூஸ் இருக்கற இடத்துல சிகரெட் டப்பா ஜிகினாத் தாளை சுத்தி வைக்கற மகானுபாவர்களுக்குத் தனிப் பதிவு போடணும்.)

இதெல்லாம் பட்டறை லெவல் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. ஜெனரல் மோட்டார்ஸ் கதை ஞாபகம் இருக்கா? செவர்லே கோபால்ட் மாதிரி கார்கள்ல இக்னிஷன் சுவிட்ச் பிடிமானம் இல்லாம, சாவிக்கொத்து கனத்துக்கோ ஒரு குலுக்கலுக்கோ ஓடும்போதே அணைஞ்சிடும். என்ஜின் போச்சு, பவர் ஸ்டியரிங் போச்சு, மோதினா ஏர்பேகும் விரியாது. 2014ல சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சாங்க. கம்பெனி அமைச்ச இழப்பீட்டு நிதியே 124 சாவுகளை ஒத்துக்கிச்சு. 2015ல அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்டினாங்க.

எனக்கு இதுல வயிறு எரிஞ்ச இடம் வேற. 2006லயே சுவிட்சை சத்தமில்லாம சரி பண்ணிட்டாங்க. ஆனா பார்ட் நம்பரை மாத்தலை. பழசும் புதுசும் ஒரே நம்பர். பின்னாடி விசாரிச்சவங்களுக்கு சில வருஷ வண்டிகள்ல மட்டும் ஏன் அணையுது, மத்ததுல ஏன் இல்லைன்னு புரியாமயே வருஷக்கணக்குல ஓடிடுச்சு. பொட்டி தட்டற ஜனங்களே, இதை நம்ம பாஷையில சொல்லணுமா? புரொடக்‌ஷன்ல கோடை மாத்திட்டு வெர்ஷன் நம்பரை அப்படியே விடறது. நம்ம டீம்ல ஒருத்தன் இப்படிப் பண்ணினா ராத்திரி ரெண்டு மணிக்கு போன் போட்டு திட்டுவோம். அதையே டேஷ்போர்டுக்குக் கீழ ஒருத்தர் பண்ணினா "கை தேர்ந்த மெக்கானிக்"னு பாராட்டறோம்!

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கும் வர்றேன். ராத்திரி பத்து மணிக்கு விக்கிரவாண்டி தாண்டி குடும்பத்தோட நின்னா என்னடா பண்ணுவ, மீட்டரை வச்சுக்கிட்டு ஓம் விதி பாடுவியான்னு கேப்பீங்க. அப்ப நானும் டைரக்ட்தான் குடுப்பேன். ஆனா தடிமனான ஒயர்ல, நடுவுல ஒரு ஃபியூஸ் ஹோல்டரோட. அந்த ஒயர் எப்பவும் டிக்கியில ரெடியா கிடக்கும். வீடு வந்ததும் அதைப் பிடுங்கிடுவேன். உடைஞ்ச காலுக்குக் கட்டற மூங்கில் பத்தை மாதிரி அது. பத்தையோட ஆயுசுக்கும் நடக்கச் சொல்றவரை வைத்தியர்னு யாரும் கூப்பிடறதில்லை.

மெக்கானிக் அண்ணன்கள் பக்கத்துலயும் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். ஒருத்தர் என்கிட்ட நேராவே சொன்னார்: "தம்பி, ரெண்டு மணி நேரம் தேடி அஞ்சு ரூபாய் லக் போட்டுட்டு அறுநூறு ரூபாய் கேட்டா குடுப்பாங்களா? புது சுவிட்ச் மாத்தினேன்னு டப்பாவைக் காட்டினா வாயை மூடிக்கிட்டு ஆயிரம் குடுப்பாங்க." இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. பொருளுக்குக் காசு குடுப்போம், யோசிக்கறதுக்குக் குடுக்க மாட்டோம். இதுல வேடிக்கை என்னன்னா, மணிக்கணக்குப் போட்டு க்ளையண்டுக்கு பில் அனுப்பறதே நம்ம பொழப்பு. ஒரு பக்கை ரெண்டு நாள் தேடிட்டு ஒரே வரியை மாத்தி, "ரூட் காஸ் அனாலிசிஸ்"னு மெயில் போட்டு சம்பளம் வாங்கறவங்க, கிரீஸ் கையோட ஒருத்தர் அதையே பண்ணினா "அஞ்சு ரூபாய் சாமானுக்கா இவ்ளோ?"ன்னு பேரம் பேசறோம். அப்புறம் அவர் டைரக்ட் குடுக்காம வேற என்ன குடுப்பார்?

அடுத்த தடவை பட்டறைக்குப் போறப்ப இப்படிக் கேட்டுப் பாருங்க: "அண்ணே, தேடறதுக்கு எவ்வளவு? அதைத் தனியாத் தர்றேன். கோளாறு எந்த இடத்துலன்னு கையை வச்சுக் காட்டுங்க, போதும்." சில பேர் முறைப்பாங்க. சில பேர் ஒரு டீ சொல்லிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு டேஷ்போர்டுக்குக் கீழ தலையை விடுவாங்க. அந்த ரெண்டாவது ரகம் ஆளோட நம்பரை பத்திரமா வச்சுக்கோங்க.

டிஸ்கி: மாமா வண்டியில டாகிள் சுவிட்ச் இருந்த ஓட்டையை அடைக்க வேணாம்னுட்டார். வெத்தலைப் பாக்குப் பொட்டலம் சொருகி வைக்க வசதியா இருக்காம்.