ஒரே அப்பம், ஒரே பந்தி



கிறித்தவர்கள் அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் பகிரும் சடங்கைக் கத்தோலிக்கர் 'நற்கருணை' என்பர். சீர்திருத்தச் சபையார் 'திருவிருந்து' என்பர். பழைய வேதாகமத் தமிழில் அது 'இராப்போஜனம்'. மூன்றும் நல்ல சொற்களே. ஆயினும் பிள்ளைகளுக்கு இதன் உட்பொருளை விளக்க ஏற்ற சொல் 'சமபந்தி' என்பேன்.

இயேசு தம் சீடர்களோடு உண்ட கடைசி இரவுணவின் நினைவே இச்சடங்கு. காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசும் அப்பந்தியில் அமர்ந்திருந்தான். பின்னாளில் கொரிந்து நகரச் சபையில் வசதி படைத்தோர் முந்தி உண்ண, ஏழைகள் பசித்திருந்தனர். பவுல் அதைக் கடுமையாகக் கண்டித்தார். இல்லாதவரை நாணச்செய்யும் உணவு ஆண்டவரின் விருந்தே ஆகாது என்பது அவர் வாதம்.

நம் முன்னோரும் இத்தேர்வில் தடுமாறினர். சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய திருப்பணியின் வழிவந்த சபைகளில் சாதிவாரியாக இருக்கைகள் இருந்தன. 1833இல் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என ஆணையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினர். வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயத்தினுள்ளேயே சாதிச்சுவர் நின்று, பின்னர் இடிக்கப்பட்டது. அப்பம் ஒன்றாயினும் பந்தி ஒன்றாகவில்லை.

சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த லூர்து அன்னை ஆலயம், ஓஃபிர் சாலையில் 1888இல் கட்டி முடிக்கப்பட்டது. இத்தகைய ஆலயங்களில் நற்கருணை வரிசையில் நிறுவன அதிகாரியும் கட்டுமானத் தொழிலாளியும் வீட்டுப் பணிப்பெண்ணும் அடுத்தடுத்து நிற்கக் காணலாம். எவருக்கும் பெரிய துண்டு இல்லை.

2020 பிப்ரவரியில் கொரோனாவால் இங்குக் கத்தோலிக்கத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. மறையுரை திரைவழியே வீட்டுக்கு வந்தது, அப்பம் வரவில்லை. உரையைத் தனித்துக் கேட்கலாம். பந்தியில் தனித்து அமர இயலாது. நம் நம்பிக்கை தளரும் நாளில், அருகில் நிற்பவரின் நம்பிக்கை நம்மைத் தாங்குகிறது. இச்சடங்கு விசுவாசத்தை வலுப்படுத்துவது இவ்வாறே என்பது என் துணிபு.

ஆனால் ஞாயிறு காலை நம் அருகே நின்று அப்பம் பெற்ற பணிப்பெண், நண்பகல் உணவகத்தில் குழந்தையை ஏந்தியபடி ஒதுங்கி நின்றால், காலையில் கற்பித்த பாடத்தை நாமே அழித்துவிடுகிறோம். பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் மேசையையே கூர்ந்து நோக்குகின்றனர்.

ஆதலின் பெற்றோரே, நற்கருணையின் பொருளைப் பிள்ளைகளுக்கு உரைக்குமுன், வீட்டு மேசையில் இன்னுமோர் இருக்கை இடுவோம். விளக்கம் பிறகு எளிதாகும்.