ஐயத்தின் பயன் சிசுவுக்கே

நீதிமன்றத்தில் ஐயத்தின் பயன் எதிரிக்கு உரியது. குற்றம் ஐயமற நிரூபிக்கப்படும் வரை அவன் நிரபராதியே. பிறந்த சிசுவைக் கிருமி தொற்றியதோ என்ற கேள்வி எழும்போது இந்நெறி தலைகீழாக வேண்டும் என்போம். அங்கே ஐயம் எழுந்தவுடனேயே கிருமி குற்றவாளி; ஐயத்தின் பயன் சிசுவுக்கே.

வளர்ந்தவனுக்கு நோய் வந்தால் காயும், நோகும், முனகுவான். பிறந்து ஒரு மாதம் நிரம்பாத குழந்தையின் இரத்தத்திற் கிருமி பரவும்போது காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். மாறாக உடல் குளிர்ந்துபோகலாம். அழுகையும் அடங்கிவிடும். வீட்டார் அதனைக் கண்டு, "நல்ல அமைதியான பிள்ளை" என்று மகிழ்வதுமுண்டு! அந்த அமைதியையே நாம் அஞ்சுகின்றோம். நன்றாகப் பாலுண்ட பிள்ளை முலையை மறுத்தல், தட்டி எழுப்பினாலன்றி அசையாமை, வலிப்பு, மூச்செடுக்கையில் நெஞ்சு ஆழமாக உள்ளிழுபடுதல், ஒரு முழு நிமிடத்தில் 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, உடல்வெப்பம் 37.5 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் ஏறுதல், 35.5இற்குக் கீழ் இறங்குதல் ஆகியவற்றுள் ஒன்றே போதும். இரண்டாவது சாட்சிக்குக் காத்திருத்தல் தவறு. கொப்பூழைச் சுற்றித் தோல் சிவந்து பரவினாலும், சீழ் கண்டாலும் உடனே காட்டுதல் வேண்டும்.

வைத்தியரும் இந்நெறியிலேயே ஒழுகுகின்றனர். இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க ஓரிரு நாட்கள் செல்லும். அதுவரை கைகட்டி நின்றால் பிள்ளை மிஞ்சாது. ஆகவே பெரும்பாலும் அம்பிசிலினும் ஜென்டாமைசினும் ஊசிமூலம் அப்பொழுதே தொடங்கப்படுகின்றன. முடிவு வந்தபின் மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ அவர்கள் தீர்ப்பு. மூத்த பிள்ளைக்கு வாங்கிய பாணியின் மீதியைப் புகட்டுவது மருத்துவமன்று. சிசுவின் நிறைக்கேற்ப அளக்கப்படாத மருந்து கிருமியைக் கொல்லாது, அதற்குப் பயிற்சியளிக்கும். மருந்துக்கு மசியாத கிருமிகள் தெற்காசிய ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே மலிந்துள்ளன.

துடக்குக் கழிய 31 நாள் செல்லுமே என்பர் சிலர். முன்னோர் வழக்கை நாம் பழிக்கவில்லை. தாயும் சேயும் பிறர் தொடாது ஒதுங்கியிருப்பதில் நன்மையுமுண்டு. ஆனால் நோயுற்ற பிள்ளையை விடியும்வரை வீட்டில் வைத்திருக்க எந்தத் துடக்கும் கட்டளையிடவில்லை. தாயின் வெறும் மார்போடு அணைத்து, மேலே துணி போர்த்து, உண்ணக்கூடுமாயின் முலைப்பாலை ஊட்டியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. தேனும் சீனித்தண்ணீரும் வேண்டா. கொப்பூழிற் சாம்பலோ மாவோ பூசலாகாது.

அரசினரிடமும் ஒரு சொல். "பிள்ளை பால் குடிக்குதில்லை" எனத் தாய் கூறுவதே இவ்வழக்கின் முதற் சாட்சியம். அதனை விளங்காத உத்தியோகத்தர் முன் அவள் நிறுத்தப்படுவாளாயின் அச்சாட்சியம் அங்கேயே அழிகின்றது. தமிழும் அரச கரும மொழியென 1987இல் அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை திருத்தப்பட்டது. வன்னிக் குடியேற்றமாயினும் மலையகத்துத் தோட்ட லயமாயினும், தமிழ்த் தாயின் வீட்டுப்படி ஏறும் குடும்பநல மாது தமிழ் அறிந்தவராயிருத்தல் வேண்டும். மேற்கூறிய அறிகுறிகளைப் பிள்ளையோடு வீடு திரும்பும் ஒவ்வொரு தாய்க்கும் அவள் மொழியிலேயே வாசித்துக்காட்டி, எழுத்திலும் கொடுத்தனுப்புதல் வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.