உபதேசம் யாருக்கு?

மலைநாட்டிலே பரிசளிப்பு விழாக் காலம் வந்துவிட்டால் ஒரு பேச்சைத் தவறாமற் கேட்கலாம். ஊர் அட்டனாயினும், தலவாக்கலையாயினும், பொகவந்தலாவையாயினும் பேச்சு ஒன்றே. வறுமை ஒரு தடையன்று. லயத்திலே பிறந்தவர் பலர் இன்று வைத்தியராகவும் ஆசிரியராகவும் சட்டத்தரணியாகவும் விளங்குகின்றனர். பெற்றோர் கட்டுப்பாடு, தெய்வ பக்தி, தன்முயற்சி ஆகிய மூன்றும் இருந்தால் எவரும் உயரலாம் என்று பிரமுகர்கள் முழங்குவர். சபையோர் கைதட்டுவர். மோட்டார் வண்டி மலையிறங்கிவிடும்.

இப்பேச்சு பொய்யென்று நாம் கூறவில்லை. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் பாட்டன், பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை ஒடுங்கி வாழ்ந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் வரை செல்கிறதென்றால், அதன் பின்னே ஒரு தாய் நிற்கிறாள். பொழுது புலருமுன் எழுந்து ரொட்டி தட்டி, சாயத் தண்ணீர் வைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பெரட்டுக்களத்திற்கு ஓடுகின்றவள் அவள். மழையிலே படங்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறிக்கிறாள். நிறுவையிலே குறிப்பிட்ட கிலோ குறைந்தால் அன்றைக்கு ‘அரைப் பேர்’ தான். அந்த அரைப் பேரிலும் ஒரு கொப்பிக்குக் காசு ஒதுக்கி வைத்தாளே, அதற்குப் பெயர் பொறுப்புணர்ச்சியன்றி வேறென்ன?

பக்தியும் அவ்வாறே. தோட்டத்து மாரியம்மன் கோயில் எந்தத் துரையும் தந்த கொடையன்று. சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பிடித்த பணத்தில் எழுந்தது. மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பார்த்தவர் அறிவர். காமன் வேடம் ஏற்கும் வாலிபன் விரதம் காத்தே அவ்வேடத்தை ஏற்கிறான். பகலெல்லாம் மலையில் வேலை செய்தவன் இரவெல்லாம் கண்விழித்து ஆடுகிறான். இதைப் பாமரர் கூத்து என்று எள்ளி நகைத்த படித்தவர்களும் உண்டு. அவ்வாலிபனின் கட்டுப்பாட்டிற் பாதி அவர்களிடம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

ஆகவே தொழிலாளிக்குக் குடும்பப் பற்றும் கடவுள் நம்பிக்கையும் கடமையுணர்ச்சியும் போதிக்க எவரும் மலையேறி வர வேண்டியதில்லை. அவை அங்கே நிறைய உள்ளன. தம் பொறுப்பை நிறைவேற்றாதவர் யார் என்பதே நாம் கேட்கும் கேள்வி.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மக்களை நாடற்றவராக்கிற்று. அதற்கு முன்னரே, 1945 இல், இந்நாட்டிலே இலவசக் கல்வி பிறந்திருந்தது. நாடே அதைக் கொண்டாடிற்று. ஆனால் அது தோட்டப் பள்ளிக்கூடத்தின் வாசலுக்கு வரவில்லை. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்ற நிலையிலேயே தோட்டத்துப் பிள்ளைகள் விடப்பட்டனர். அப்பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது 1970களில். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் எத்தனை பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கினர்! அவர்களிடம் முயற்சி இல்லையென்றா சொல்வது?

குடும்பப் பண்பைப் பற்றிப் பேசுவோர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1964 அக்டோபர் 30 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்க்கலாம் என்று இரு அரசுகளும் மனிதரைப் பங்கிட்டுக்கொண்டன. அந்த மீதியை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தனர். தாய் தந்தையர் இந்தியக் கடவுச்சீட்டோடு போயினர். மணமான மகள் இங்கே நின்றாள். அண்ணன் ஒரு நாட்டவன், தம்பி வேறு நாட்டவன். தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகையிரதத்திற்கு மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. குடும்பங்களைப் பிளந்த அரசுகளின் வாரிசுகள் இன்று மேடையேறிக் குடும்பத்தின் பெருமையைப் பேசுவது விந்தையிலும் விந்தை! நாடற்றவர் என்ற பட்டம் சட்டப்படி நீங்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வளவு சொன்ன நாம் நம்மவரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். சிலருக்கு இது கசக்கலாம். பறிப்பவள் பெண், ஆனால் அவள் சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்ற நீதி 1984 இல்தான் கிட்டியது. அந்தச் சமசம்பளம் அடுப்படிக்கு வந்து சேருமுன் சாராயக் கடை வழியாகப் போகுமானால் என்ன பயன்? சம்பள நாளன்று தள்ளாடிக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் தகப்பன், தன் பிள்ளையின் கல்வியில் துரையும் அரசும் செய்த அநீதியோடு தன் பங்கையும் சேர்க்கிறான். தொழிற்சங்கத் தலைவர்கள் இதைச் சொல்ல அஞ்சுகின்றனர். வாக்குப் போய்விடும் என்ற அச்சம் போலும். பாதிப் படிப்பில் பிள்ளையைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புகின்ற பெற்றோரையும் நாம் இதையே கேட்கிறோம். வறுமை அவர்களை நெருக்குகிறது என்பதை அறிவோம். அறிந்தே கேட்கிறோம்.

ஆனால் தகப்பனைக் கண்டிக்கும் உரிமை கம்பனிக்காரர்களுக்கு இல்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று சம்பளச் சபை 2021 இல் விதித்தபோது நீதிமன்றம் ஏறியவர்கள் அவர்கள். 2024 இல் 1,700 ரூபாய் என்ற அறிவித்தல் வந்தபோதும் வழக்கு. முடிவில் 1,350 என்று நின்றது. உழைப்பவன் சிக்கனமாய் வாழ வேண்டும், உழைப்பிப்பவன் மட்டும் பேரம் பேசலாம் என்பது எந்த ஊர் ஒழுக்கம்?

பரிசளிப்பு மேடைக்கு வரும் அமைச்சர்களிடம் நாம் புத்தகப் பரிசுகளைக் கேட்கவில்லை. கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் இல்லாத மலைநாட்டுப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களைத் தாருங்கள். லயக் காம்பராவுக்குப் பதிலாக 7 பேர்ச்சஸ் நிலம் என்று ஆண்டாண்டாய்ப் பேசப்படும் வாக்குறுதியை எஞ்சியுள்ள குடும்பங்களுக்கும் நிறைவேற்றுங்கள். எழுதப்படும் ஒவ்வொரு காணி உறுதியிலும் கணவன் பெயரோடு, கொழுந்து பறித்து அக்குடும்பத்தைக் காத்தவளின் பெயரும் இருக்கட்டும்.