விற்பனைக்கும் அல்ல, விருந்துக்கும் அல்ல

முதலாமாண்டு மாணவர்கள் நிரப்பித் தரும் விவரப் படிவத்தில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற கட்டங்களை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். இந்த ஒரு கட்டத்தை மட்டும் நான் உட்கார்ந்து படிப்பேன். பையன்கள் கிரிக்கெட், ஜிம், பைக் என்று எழுதுவார்கள். பெண்கள் ஓவியம், மெஹந்தி என்பார்கள். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 'பேக்கிங்' சேர்ந்துகொண்டது. நாலைந்து வருடம் கழித்து அதே பெண்களின் அதே சொற்களைத் திருமணத் தகவல் இணையதளங்களில் பார்க்கலாம். அங்கே அவை வேறு வேலை செய்கின்றன. ஓவியம் வரைவாள் என்றால் பொறுமைசாலி, கேக் செய்வாள் என்றால் குடும்பத்துக்கு ஏற்றவள். நம் பாட்டிகள் காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வீணையை இறக்கி வைத்த மாதிரி. அந்த வீணைகள் கல்யாணத்துக்குப் பிறகு எந்தப் பரணில் கிடந்தன என்று நமக்குத் தெரியும். ஸ்கெட்ச் புத்தகம் பரணில் இன்னும் குறைவான இடத்தையே அடைத்துக்கொள்ளும்.

பொழுதுபோக்கு என்ற சொல்லோடு எனக்கு வெகுநாள் வழக்கு இருக்கிறது. போக்குவதற்கு முதலில் பொழுது கையில் இருக்க வேண்டுமே. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்றது. மற்ற எல்லாமே அவற்றின் மேல்தான் நிற்கின்றன. நிலத்தில் நமக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டோம், போராடினோம். 1989-ல் தமிழ்நாட்டில் வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு வந்தது. முதற்பொருளில் மற்றொரு பாதி? பொழுதில் பங்கு கேட்டு எந்தப் பெண் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்?

இந்தியாவில் யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று அரசே கணக்கெடுத்திருக்கிறது. 2019-ல் எடுத்த கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்திருந்தது. சந்தோஷப்படலாம் என்று அடுத்த பத்தியைப் பார்த்தால் ஆண்களின் நேரம் 88 ஆகியிருந்தது. நமக்குப் பத்து நிமிடம் குறைந்தால் அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தாக வேண்டும் போலிருக்கிறது. சமத்துவம்.

இப்படிப்பட்ட நாளுக்குள்தான் ஒரு பெண் வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைக்க நேரம் திருடுகிறாள். திருடிய பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பேச விரும்புகிறேன்.

நான் இருக்கும் கோட்டூர்புரத்தில் இதை அடுக்கு அடுக்காகப் பார்க்கலாம். ஒரு பக்கம் ஐ.ஐ.டி. மதில், இன்னொரு பக்கம் அடையாறு. நடுவே அண்ணா நூற்றாண்டு நூலகம், பெரிய பங்களாக்கள், எங்களைப் போன்றவர்களின் அடுக்குமாடிகள், ஆற்றங்கரையை ஒட்டி வாரியக் குடியிருப்புகள். 2015 டிசம்பர் வெள்ளம் உள்ளே புகுந்தபோது எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள் ஆனோம், சில வாரங்களுக்கு. எங்கள் குடியிருப்பில் ஒரு பெண், வங்கி வேலையை விட்டவர், குழந்தை பள்ளிக்குப் போன நேரத்தில் கேக் செய்து பார்க்க ஆரம்பித்தார். முதலில் நம் அம்மாக்கள் செய்தது போலத்தான். குக்கரில் மணலைக் கொட்டி, கேஸ்கெட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு தட்டு. பிறகு ஓ.டி.ஜி. வந்தது. ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போட்ட ஒரு கேக்கை எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த ஒரு விஷமச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. சாப்பிட்ட அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "இவ்ளோ நல்லா பண்றீங்க, ஆர்டர் எடுக்கலாமே!" கணவர் சொன்னார், மாமியார் சொன்னார், லிஃப்டில் பார்த்தவர்கள் சொன்னார்கள். பாராட்டுதான். ஆனால் ஒரு பெண்ணின் சந்தோஷத்தைப் பார்த்ததும் அதற்கு விலை ஒட்டத் தோன்றுவது என்ன மாதிரியான பாராட்டு? சனிக்கிழமை காலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு மகாபலிபுரம் போய்வரும் ஆணிடம் யாராவது "இவ்ளோ நல்லா ஓட்றீங்க, டெலிவரி எடுக்கலாமே" என்று சொல்கிறார்களா?

அவர் ஆர்டர் எடுத்தார். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொண்டார். சிறு அளவில் செய்பவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம், 14 இலக்க எண். நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த எண்ணோடு வந்த மற்றவற்றைச் சொல்கிறேன். மைதா, வெண்ணெய், முட்டை, டப்பா எல்லாம் கணக்கில் வரும். கிரீம் அடித்த கை கணக்கில் வராது. "வீட்டுலதானே பண்றீங்க, கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று பேரம் பேசுவார்கள். பேக்கரியில் கேக் செய்பவருக்கு மாஸ்டர் என்று பெயர், அவரிடம் யாரும் "கடையிலதானே பண்றீங்க" என்று சொல்வதில்லை. மே மாத வெயிலில் விப்பிங் கிரீம் உருகும். டெலிவரிக்கு வந்த பையன் பெட்டியைச் சாய்த்துப் பிடிப்பான். ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்காக யூனிகார்ன் கொம்பு செய்துகொண்டிருக்கும்போது சொந்தக் குழந்தைக்கு மாமியார் தோசை ஊற்றிக் கொடுத்து, அதைப் பின்னால் சொல்லியும் காட்டுவார். ஆரஞ்சு கேக்கை அவர் அதற்குப் பிறகு செய்யவே இல்லை. அதை யாரும் ஆர்டர் செய்யவில்லை.

சுயதொழில் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். பணம் தேவைப்படுகிற பெண் விற்கட்டும், கறாராக விலை வைத்து விற்கட்டும். நான் எதிர்ப்பது, விற்றால்தான் அந்த நேரம் நியாயமாகும் என்ற எண்ணத்தை. இதற்கு நாம் 'பெண் சக்தி' என்று பெயர் வைத்துவிட்டதால் எதிர்த்துப் பேசவும் கூச்சமாக இருக்கிறது.

இனி நம் பக்கம் வருகிறேன். தோழிகளில் சிலருக்கு பேக்கிங் என்றாலே முகம் சுளிக்கும். "மறுபடியும் அடுப்படியா? அங்கிருந்து வெளியே வரத்தானே இவ்வளவும்?" இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மரபு இருக்கிறது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைப் படித்து வளர்ந்த தலைமுறை நான். சமையலறையை ஆள்வதாக நினைத்துக்கொண்டே பெண்கள் அதற்குள் எப்படிச் சுருங்கிப்போகிறார்கள் என்பதை அதில்தான் கண்டேன். ஆனாலும் இந்தத் தோழிகளோடு உடன்பட மாட்டேன். இட்லி மாவு அரைப்பதும் ஒரு கேக் செய்வதும் ஒரே அறையில் நடப்பதால் ஒரே வேலை ஆகிவிடாது. மாவு நாளைக் காலைப் பசிக்கு. அரைக்காவிட்டால் வீடு நின்றுவிடும், அரைத்தால் யாருக்கும் தெரியாது. கேக்கை யாரும் கேட்கவில்லை. அது இல்லாமல் எந்தத் தமிழ்க் குடும்பமும் பட்டினி கிடக்கப் போவதில்லை. அதன் அழகே அந்தத் தேவையின்மையில்தான் இருக்கிறது. அவனின் கண்ணாடி வழியே மாவு எழும்புவதைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எந்த மாவுக்கு முன்னால் அவள் இதற்குமுன் உட்கார்ந்திருக்கிறாள்?

சமையல் கலை ஆகும்போதெல்லாம் அது ஆணின் பெயருக்கு மாறிவிடுவதையும் கவனியுங்கள். ருசிக்கு நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். சமையல் நூல் என்ற ஒன்றைப் பற்றிச் சங்கப் பாட்டில் தேடினால் சிறுபாணாற்றுப்படை, பெயர் சொல்லாமலே வீமனைச் சுட்டுகிறது. ஒரு பெண் தன் பெயரில் 'சமைத்துப் பார்' என்று புத்தகம் போட 1951-ல் மீனாட்சி அம்மாள் வர வேண்டியிருந்தது. அதையும் நாம் இலக்கிய வரலாற்றில் சேர்க்கவில்லை, புது மருமகளுக்குப் பரிசுப் பொருளாக்கினோம்.

ஓவியத்தின் கதை இன்னும் கசப்பு. நம் பழைய இலக்கியத்தில் பெண் வரைகிறாளா, வரையப்படுகிறாளா? தலைவன் அவள் உடம்பில் தொய்யில் எழுதுகிறான். நெடுநல்வாடையில் கணவனைப் பிரிந்த அரசியை, இன்னும் வண்ணம் தீட்டி முடிக்காத ஓவியத்துக்கு ஒப்பிடுகிறார் நக்கீரர். முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் இந்த உவமையைப் புகழ்ந்து பேசும் உரைகளைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அவள் கையில் ஒரு தூரிகை இருந்தால் எப்படி இருக்கும் என்று ஓர் உரையாசிரியருக்கும் தோன்றவில்லை.

சென்னை ஓவியக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது அங்கே இருந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பணிக்கரிடம் படித்த டி.கே. பத்மினி, பொன்னானிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து வரைந்தவர். பெண் உடலை உள்ளிருந்து பார்த்து வரைந்தவர் என்று இன்று அவரைக் கொண்டாடுகிறார்கள். 1969-ல், முப்பது வயதைத் தொடுமுன், பிரசவத்தில் இறந்துபோனார். அவர் வாழ்க்கையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொழுது என்ற சொல்தான் ஞாபகம் வரும்.

ஆனால் கோடிக்கணக்கான பெண்கள் தினமும் வரைந்துகொண்டுதான் இருந்தார்கள். கோலம். அதை ஓவியம் என்று எந்தப் படிவத்திலும் யாரும் எழுதுவதில்லை. 1974-ல் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களைக் கணினி இலக்கணத்தால் விளக்கும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதில் எனக்குப் பெருமை. கணிதம் வந்த பிறகுதான் வாசலில் குனிந்திருந்தவளுக்கும் மூளை உண்டு என்று பலருக்குத் தெரிந்தது. 2019 டிசம்பர் 29 அன்று பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்ட பெண்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டார்கள். மறுநாளே ஊரெங்கும் வாசல்களில் அதே வாசகம் பூத்தது. மங்கலத்துக்குப் போட்டால் மரபு, தன் கருத்துக்குப் போட்டால் குற்றம். ஒரே அரிசி மாவுதான்.

நான் வரைவேன். மோசமாகத்தான் வரைவேன். மூக்கு எனக்கு வரவே வராது. அடையாற்றுப் பாலத்தை வரைந்தால் அது பாலம் என்று கீழே எழுதித்தான் தெரியப்படுத்த வேண்டும். கவிதை எழுதுகிறவள் என்பதால் அதையாவது நன்றாகச் செய்தாக வேண்டும் என்ற பாரம் எனக்கு உண்டு. வரைவதில் அது கிடையாது. மோசமாகச் செய்யும் சுதந்திரம் நம் பெண்களுக்கு மிகக் குறைவு. குழம்பில் உப்பு கூடினால் விசாரணை. கோலத்தில் ஒரு சிக்கு தவறினால் பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் படும். ஆகவே மாணவிகளிடம் நான் கேட்பதும் இதைத்தான்: யாருக்கும் காட்டாத ஒரு நோட்டு, நடுவில் அமுங்கிப்போன ஒரு கேக், அதற்காக வாரத்தில் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் குக்கர் விசிலை எண்ண வேண்டியது வீட்டில் இருக்கும் இன்னொரு மனிதர்.

இன்னொரு மனிதர் என்று எழுதும்போது நிறுத்தித்தான் ஆக வேண்டும். எங்கள் அடுக்குமாடிகளில் அந்த இன்னொரு மனிதர் பெரும்பாலும் வாரியக் குடியிருப்பிலிருந்து வரும் பெண். கிரீம் ஒட்டிய பாத்திரங்களை அவர்தான் தேய்க்கிறார். எங்கள் வாசல் கோலமும் அவருடையதுதான். விடிவதற்குள் வந்து பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட வேண்டும் என்பது சம்பளப் பேச்சிலேயே அடக்கம். மார்கழியில் அது இன்னும் சீக்கிரம், இன்னும் பெரியது. ஒருத்தியின் பொழுதுபோக்கு இன்னொருத்தியின் 289 நிமிடங்களில் போய்ச் சேர்ந்தால் நான் இதுவரை எழுதியதெல்லாம் வெறும் பேச்சு.

"வீட்ல கோலம் போடுவீங்களா?" என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். "அங்க வாசல் ஏது டீச்சர், படிக்கட்டுதான் இருக்கு" என்றார். பிறகு, பொண்ணுடைய பழைய கணக்கு நோட்டில் ராத்திரி புள்ளி வைத்துப் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். இருபத்தொரு புள்ளி வரைக்கும் போகுமாம். "யாருக்கும் இல்ல, சும்மாதான்." அதை எங்கள் வாசலில் போடுவதுண்டா என்றேன். இல்லையாம். வாசலுக்கு ஏழு புள்ளி போதுமாம், அதற்குத்தானே சம்பளம்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்தேன். வாசல் வெறுமையாக இருந்தால் லட்சுமி வரமாட்டாள் என்றார் ஒருவர். அப்படியானால் ஞாயிறு கோலத்தை ஆண்கள் முறைவைத்துப் போடலாம் என்று ஆரஞ்சு கேக் செய்த அந்தப் பெண் எழுந்து சொன்னார். கூட்டம் அதோடு கலைந்தது. அடுத்த மாதக் கூட்டத்துக்கான பட்டியலில் அதை மறுபடி சேர்த்திருக்கிறோம், இந்த முறை இருவர் கையெழுத்தோடு.