ஒரு நாள்தானே, பொறுத்துக்கோ!

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். இது உள்ளாடை பற்றிய பதிவு. "ஐயே, இதெல்லாமா எழுதுவாங்க" என்று முகம் சுளிப்பவர்கள் இப்போதே நடையைக் கட்டலாம். ஆண்கள் மட்டும் போகவேண்டாம். கல்யாணச் செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான், கணக்கு தெரிந்துகொள்ளுங்கள் :-)

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம் அக்கா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நாலு தலைமுறையாக இங்கே கன்டோன்மென்ட் பக்கம் இருக்கும் தமிழர்கள். அதனால் கல்யாணமும் பெங்களூரில்தான் என்று ஆனது. நாகர்கோவிலில் இருந்து முப்பது பேர் ரயிலேறி வந்து பிரேசர் டவுனில் என் வீட்டிலும் பக்கத்து லாட்ஜிலும் நிறைந்துவிட்டார்கள். லெந்து காலத்தில் நம் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. அது முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வைப்பார்கள். அதாவது, சரியாக வெயில் மண்டையைப் பிளக்கும் நாட்களில். பெங்களூர் குளிர் என்பதெல்லாம் ஏப்ரலில் வந்து பார்த்தால் தெரியும்.

பெண்ணுக்கு வெள்ளை கவுன். சாட்டின் துணி, உள்ளே பாலியஸ்டர் லைனிங், அதற்குள் விறைப்பான வலையில் கேன்கேன் பாவாடை. தோள்பட்டை இல்லாத டிசைன். தைத்துக்கொடுத்தவர் அளவு எடுத்த அன்று அவள் போட்டிருந்தது தினமும் ஆபீசுக்குப் போடும் சாதாரண பிரா. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால்தான், "அய்யோ, தோள்வார் தெரியுமே" என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. ஓடிப்போய் வார் இல்லாத ஒன்று, கம்பி வைத்தது, வாங்கி வந்தார்கள். கடையில் போட்டுப்பார்க்க அறை இல்லை. கூடவே வயிற்றை இறுக்கிப்பிடிக்கும் பட்டை ஒன்று. "ரெண்டு இன்ச் குறையும் மேடம்" என்று விற்றிருக்கிறார்கள். மற்றபடி அவள் சரியான எடையில் இருக்கிற பெண்.

காலை எட்டு மணிக்கு அதையெல்லாம் மாட்டியது நான்தான். முதுகுப்பக்கம் முழங்காலை வைத்து இழுத்துக் கொக்கி போட்டேன் என்றால் நம்புங்கள். பத்து மணிக்கு ஆராதனை. முழங்கால் படியிட்டு ஜெபிக்கிற நேரத்தில் அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பயம் போல என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்து போட்டோ எடுக்க ஆரம்பித்து அரைமணி நேரத்தில், பக்கத்தில் வந்து காதோரமாகக் கேட்டாள்:

"சித்தி, இதை ஒரு அஞ்சு நிமிஷம் களட்டிரட்டா? மூச்சே வரல்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போட்டோகிராபர் காத்துட்டு நிக்காரு மக்ளே. ஒரு நாள்தானே, பொறுத்துக்கோ."

பத்து நிமிடத்தில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கழற்றிப் பார்த்தால், மார்புக்குக் கீழே கம்பி குத்தி இரண்டு இடத்தில் தோல் பிய்ந்திருக்கிறது. இடுப்பைச் சுற்றி வரிவரியாகத் தடிப்பு. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட குடிக்கவில்லை. ஏன் என்றால், குடித்தால் பாத்ரூம் போகவேண்டும், அந்தக் கவுனோடு போகமுடியாது.

இதில் ஒரு வேடிக்கை. இந்த பிரேசர் டவுன் எப்படி வந்தது என்று தெரியுமா? 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்து கன்டோன்மென்ட் நெரிசலில் ஜனங்கள் செத்தார்கள். அதன்பிறகு, வீட்டுக்கு வீடு இடம் விட்டு, காற்றோட்டமாக, சுகாதாரமாக மக்கள் வாழவேண்டும் என்று திட்டம்போட்டு 1906-ல் அடிக்கல் நாட்டிய ஊர் இது. (இப்போது புலிகேசி நகர் என்று பெயர், யாரும் அப்படிச் சொல்வதில்லை.) காற்றுக்காகவே கட்டிய ஊரில் நின்றுகொண்டு எங்கள் பெண்ணுக்கு மூச்சு விட வழியில்லை.

நான் பி.காம். படித்தவள், இருபது வருடத்துக்கு மேலாக வங்கியில் குப்பை கொட்டுகிறேன். கல்யாணத்துக்குப் பெர்சனல் லோன் கேட்டு வருகிறவர்கள் ஒரு உத்தேசச் செலவுப் பட்டியல் சொல்வார்கள். மண்டபம், சாப்பாடு, நகை, பட்டு, போட்டோ, வீடியோ, டிரோன், மேடை அலங்காரம். வெடிக்குக்கூட ஒரு வரி இருக்கும். பெண் தன் தோலோடு ஒட்டிப் போடப்போகிற துணிக்கு ஒரு வரி? இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கவுனுக்கு 38,000 ரூபாய். உள்ளே போட்டது எல்லாம் சேர்த்து 900 ரூபாய். பன்னிரண்டு மணிநேரம் உடம்பைத் தாங்கியது எது, சொல்லுங்கள்? வாசலில் வெல்கம் போர்டு வைக்க அதைவிட ஆறு மடங்கு செலவு செய்தோம். ஜிஎஸ்டியில்கூட பாருங்கள், 2025 செப்டம்பரில் மாற்றியபிறகு 2,500 ரூபாய் வரைக்கும் துணிமணிக்கு 5 சதவீதம், அதற்கு மேலே போனால் 18. கவுனுக்கு 18 கட்டத் தயங்காத நாம், உள்ளே போடுவதற்கு "இதுக்குப் போய் ஆயிரமா?" என்று பேரம் பேசுகிறோம்.

இதை ஊரில் சொன்னபோது மாமி ஒருத்தி, "அதுக்குத்தான் ஒழுங்கா சேலை கட்டணும்ங்கது. வெள்ளைக்காரி வேஷம் எதுக்கு?" என்றாள். அவளுக்குத் தனியாகப் பதில் சொல்லவேண்டும்.

வெள்ளைக் கவுன் வெள்ளைக்காரிகளுக்கே பழைய வழக்கம் கிடையாது. 1840-ல் விக்டோரியா ராணி தன் கல்யாணத்துக்கு வெள்ளை உடுத்தியபிறகுதான் அது பெரிய பேஷன் ஆனது. சரி, அதை நாம் எடுத்துக்கொண்டோம். அதே லண்டனில் 1881-ல் சில பெண்கள் கூடி, பகுத்தறிவான உடைக்காக ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். இடுப்பை நெரிக்கும் கார்செட் வேண்டாம், ஒரு பெண் போடும் உள்ளுடுப்புகளின் மொத்த எடை ஏழு பவுண்டைத் தாண்டக்கூடாது என்று சொன்னார்கள். ஏழு பவுண்டு என்றால் மூன்று கிலோ சொச்சம். அதுவே குறைத்துக் கேட்டது என்றால் அதற்குமுன் என்ன சுமந்திருப்பார்கள் பாருங்கள்! 1840-ஐக் காப்பி அடித்த நாம் 1881-ஐ ஏன் விட்டுவிட்டோம்?

சேலைக்கு வருவோம். மாமியும் நானும் இடுப்பில் ஒரே முத்திரையோடு இருக்கிறோம். உள்பாவாடை நாடா இறுக்கி இறுக்கி ஏற்பட்ட கறுப்புத் தடம். எனக்கு 2004-ல் கல்யாணம். ஜரிகை போட்ட கனத்த பட்டு நழுவக்கூடாது என்று அம்மை கட்டிய முடிச்சை ராத்திரி கத்தரிக்கோலால்தான் எடுத்தோம். 2024 நவம்பரில் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் வார்தா, மதுபனி டாக்டர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். இரண்டு பேரும் வயதான பெண்கள். ஒருவருக்கு நாடா இறுகிய இடத்தில், இன்னொருவருக்கு சேலைக்கட்டே இறுகிய இடத்தில், வருடக்கணக்காக உரசி, ஆறாத புண்ணாகி, அது தோல் புற்றுநோயாக மாறியிருக்கிறது. 1945-லேயே பம்பாயில் டாக்டர் கானோல்கர் வேட்டிக்கட்டு இடுப்பில் வரும் புற்றைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆகவே ஆண்களும் சிரிக்கவேண்டாம். பயமுறுத்தவில்லை, இது மிக அபூர்வம். ஆனால் அந்தக் கறுப்புத் தடம் அபூர்வம் இல்லையே? உங்கள் வீட்டில் யாரிடமாவது கேட்டுப்பாருங்கள். மெல்லிய நாடாவுக்குப் பதில் அகலப் பட்டை வைத்துத் தைக்க டெய்லருக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்றும் மாமிக்கு. நம் ஊரில் பெண் மார்பில் என்ன போடவேண்டும் என்று ஊரே கூடி முடிவு செய்த கதை நமக்குத் தெரியாததா? தென் திருவிதாங்கூரில் நம் பாட்டிகளின் பாட்டிகள் தோள்சீலை போட்டதற்காகத் தெருவில் அடிபட்டார்கள், துணியைக் கிழித்தார்கள். 1813-ல் கர்னல் மன்றோ உத்தரவு போட்டு, அது திரும்பப்பெறப்பட்டு, கலவரங்கள் நடந்து, 1859 ஜூலை 26-ல்தான் மகாராஜா இறங்கிவந்தார். அப்போதும், "மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக்கூடாது" என்று ஒரு கொக்கி. அத்தனை அடியும் பட்டது அவரவர் உடம்பில் அவரவருக்கு வேண்டியதைப் போடத்தானே. அப்புறம் நாமே போய், மூச்சு முட்டுகிறது என்கிற பெண்ணிடம் "பொறுத்துக்கோ" என்கிறோம்.

"ஆனா அந்தப் பட்டை போட்டா கான்பிடென்ஸ் வருது" என்று சின்னப் பெண்கள் சொல்கிறார்கள். வரட்டும். போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சாப்பிட்டு, சிரிக்க முடிகிறது என்றால் நான் தடுக்க யார்? நான் கேட்பதெல்லாம், வாங்கும்போது அவள் தன் சைசில் வாங்கினாளா, இரண்டு சைஸ் குறைத்து வாங்கிக்கொடுத்தார்களா என்றுதான். இறுகின பட்டை வயிற்றை அமுக்கினால் சாப்பிட்டது எதுக்களிக்கும். இடுப்போரத்தில் நரம்பை அமுக்கினால் தொடை மரத்துப்போகும். இதெல்லாம் டாக்டர்களுக்குத் தெரிந்த பழைய விஷயம்.

கடைகளைச் சொல்லாமல் விடமுடியாது. வெளியுடுப்புக்கு நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அறை. உள்ளாடைக்கு "டிரையல் கிடையாது, எக்ஸ்சேஞ்ச் கிடையாது". சுகாதாரம் என்று காரணம் சொல்வார்கள். சரி, அப்படியானால் அளவெடுக்கத் தெரிந்த ஒரு பெண்ணையாவது வையுங்கள். "34 இல்ல, 36 எடுத்துக்கோங்க, ஒண்ணுதான்" என்று சொல்பவரிடம் எப்படி வாங்குவது? இதிலும் நாள்பூராவும் நின்றுகொண்டே விற்கும் அந்தப் பெண்களைத் திட்ட எனக்கு மனமில்லை. அவர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் உரிமைக்கே கேரளாவில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டம் திருத்தவேண்டியிருந்தது.

சரி, திட்டினது போதும். அடிபட்டபிறகு எனக்குத் தெரிந்தது இது. உள்ளாடையை முதலில் வாங்குங்கள், அதைப் போட்டுக்கொண்டு போய்க் கவுனுக்கோ பிளவுசுக்கோ அளவு கொடுங்கள். நாம் தலைகீழாகச் செய்தோம். பிரா கனத்தைத் தாங்குவது தோள்வார் இல்லை, மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டைதான். அதனால் அந்த இடத்தை இஞ்ச் டேப் வைத்து அளந்து, பிறகு மார்பின் நடுப்பகுதியை அளந்து, வித்தியாசத்தைப் பார்த்துக் கப் சைஸ் எடுக்கவேண்டும். புதிதில் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில், சரியாக இருக்கவேண்டும். பட்டைக்குள் இரண்டு விரல் போகவேண்டும். தோள் இல்லாத கவுன் என்றால் டெய்லரிடம் சொல்லி உள்ளேயே கப் வைத்துத் தைத்துவிடலாம், தனியாக எதுவும் வேண்டாம். வெள்ளைக்கு அடியில் வெள்ளை போட்டால் பளிச்சென்று தெரியும், தோல் நிறத்தில் வாங்குங்கள். தோலோடு ஒட்டுவது பருத்தியாக இருக்கட்டும். லேஸ் நமக்குப் புதிதில்லை, நாகர்கோவில் மிஷனில் 1820-களிலேயே பின்னக் கற்றவர்கள் நாம். ஆனால் வியர்வையில் நைலான் லேஸ் உப்புத்தாள்தான். தொடை உரசாமல் இருக்க உள்ளே ஒரு பருத்தி சைக்கிளிங் ஷார்ட்ஸ். கேன்கேனைக் கவுனோடு சேர்த்துத் தைக்காமல் தனிக் கொக்கியில் வைத்தால் பாத்ரூம் போக இரண்டு நிமிடம்.

எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் இருந்து பாருங்கள். சோறு சாப்பிடுங்கள், முழங்காலிடுங்கள், குனிந்து பெரியவர்கள் காலைத் தொடுங்கள். எங்கே குத்துகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

மாதவிடாய்த் தேதி. இதையும் யாரும் கேட்பதில்லை. மண்டபம் கிடைக்கிற தேதி, போதகர் ஊரில் இருக்கிற தேதி, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கிற தேதி எல்லாம் பார்ப்பார்கள். கடைசியில் தள்ளிப்போடும் மாத்திரையை மெடிக்கலில் நேராக வாங்கி விழுங்கச் சொல்வார்கள். ரத்தம் உறையும் பிரச்சினை இருப்பவர்களுக்கு அது ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. தேதி மாற்றமுடியாது என்றால் அதற்கும் இடம்விட்டு உள்ளாடை வாங்குங்கள், வெள்ளைத் துணி என்று அவளைப் பயமுறுத்தாதீர்கள்.

கல்யாணப்பெண் இப்போது நன்றாக இருக்கிறாள். புண் ஆறிவிட்டது, தழும்பு கொஞ்சம் இருக்கிறது. ஆல்பம் வந்தபோது பார்த்தோம். அந்த மத்தியானப் போட்டோக்களில் ஒன்றுகூட நன்றாக வரவில்லை. சாயந்திரம், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பருத்திப் பாவாடையில் ஒரு சாதாரண சேலை கட்டி பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ மொபைலில் எடுத்த படத்தைத்தான் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறாள். அதில் அவளுக்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன், முகம் சரியில்லாமல்.

அவள் தங்கைக்கு ஜனவரியில் கல்யாணம். துணி எடுக்கும்முன் பெங்களூர் வா என்று சொல்லியிருக்கிறேன். இஞ்ச் டேப் வாங்கி வைத்தாயிற்று.

பி.கு.: அக்கா இதைப் படித்துவிட்டு "குடும்ப மானத்தை வாங்கிட்டியே" என்று போனில் சத்தம் போடுவாள். போடட்டும். ஒரு நாள்தானே, பொறுத்துக்கொள்கிறேன் :-)