பாலாற்றுத் தீர்ப்பும் நாமும்

பாலாற்று வழக்கு என்றவுடன், தோல் தொழிலை முடக்க வந்த வழக்கு என்ற எண்ணமே நம்மில் பலருக்கு இன்றும் எழுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அத்தொழிலே சோறு போடுகிறது. ஆகவே அந்த மனக்குறை புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும், அணைக்கட்டு வட்டத்துப் பள்ளிகொண்டாவைத் தொட்டுச் செல்லும் அதே ஆற்றை நம்பி உழுதவர்களுக்கும் வயிறு உண்டு.

அவ்வழக்கின் எதிர்மனுதாரர் யார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் வழக்குத் தொடுத்தது இந்திய அரசின் மீது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இலேயே இயற்றப்பட்டிருந்தது. மாசுபடுத்துவோரைக் கட்டுப்படுத்தத் தனி ஆணையம் அமைக்கும் அதிகாரத்தை அது மத்திய அரசுக்கு அளித்திருந்தது. அரசோ இங்கு அதைப் பயன்படுத்தவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையத்தை அமைத்தே தீர வேண்டும் என்று கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி, நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்றும் அறிவித்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழானதாகத் தீர்ப்பில் பதிவாகியுள்ளது.

நம்மவர் தொழில் என்பதால்தான் இந்நெருக்கடி என்று முணுமுணுப்போரும் உண்டு. அபராதம் ஈரோடு, திண்டுக்கல், திருச்சி ஆலைகளுக்கும் சேர்த்தே விதிக்கப்பட்டது. தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஃபைஜான் உத்தீன் என்பதையும் அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

ஆள்வோரைச் சட்டம் கட்டுப்படுத்தும் என்ற கருத்தின் பிறப்பிடமாக 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவைப் பாடநூல்கள் காட்டுகின்றன. அதற்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்கு முன், 632இல், பொறுப்பேற்ற அபூபக்கர் (ரலி) அவர்கள், தாம் அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் கீழ்ப்படியும் வரையிலேயே தமக்கு மக்கள் கீழ்ப்படிய வேண்டும் என்று அறிவித்தார்கள். தம் அருமை மகளே திருடினாலும் தண்டனை மாறாது என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். நமக்கோ பெற்றோருக்கோ எதிராக அமைந்தாலும் நீதிக்கே சாட்சி சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. வீட்டை இடிக்க அதிகாரிகள் நோட்டீஸின்றி வரும்போது சட்டத்தின் ஆட்சி எங்கே என்று கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். நம் கழிவுநீர் பிறர் கிணற்றில் இறங்கும்போது அக்கேள்வி ஏன் நம் நாவில் வருவதில்லை?

இழப்பீட்டுத் தொகையை அந்த ஆணையம் 2001இல் நிர்ணயித்தது. முழுமையாகச் சேராத நிலையில், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. பாதிக்கப்பட்டோருக்கு மாநில அரசே முதலில் தொகையை வழங்கி, பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. ஆலை தரவில்லை என்று கைகழுவும் வழி அரசுக்கு அடைபட்டது. ஆனால் அரசுக் கருவூலம் கொடுத்துவிட்டால், அடியார்களுக்கு நாம் பட்ட கடன் தீர்ந்துவிடுமா? ஆலை அதிபரும் கூலித் தொழிலாளியும் விவசாயியும் ஒரே ஸஃப்பில் நிற்கும் நம் மஹல்லாக்களில், அடுத்த ஜமாஅத் கூட்டத்திலேயே இக்கேள்வி எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் எனக் கோருகிறோம்.