மர்மக் கதை வாசிக்கிற பிள்ளையைத் திட்ட வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு நேரம் கிடைப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு உம்மா என்னிடம் முறையிட்டார். "சேர், இவன் பாடப் புத்தகத்தத் தொடுறானில்ல. கதப் புத்தகத்தக் கொப்பிக்குள்ள ஒளிச்சு வெச்சு வாசிக்கிறான். அதுவும் கொலக் கதை." மகன் பத்தாம் தரம். தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றான். நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "ஆர் கொன்ற எண்டு கண்டுபிடிச்சிட்டியா?" பையனின் முகம் மலர்ந்தது. உம்மாவின் முகம் கறுத்தது. பின்னால் இன்னும் பதினைந்து பேர் நின்றதால் விளக்கம் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதே முறைப்பாட்டோடு வருகிற வாப்பாமாரும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள்.

முதலில், அவர்களுடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த மர்மக் கதை என்றால் இந்தியாவிலிருந்து வரும் சாணித்தாள் மாத நாவல்தான். அதன் மேலட்டையை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. உள்ளேயும் சிலது பிள்ளைகளுக்கு உரியதல்ல. ஆசிரியர் கலாசாலை விடுதியில் நாங்களே அவற்றை மேலட்டையைக் கிழித்துவிட்டுத்தான் கட்டிலுக்குக் கட்டில் மாற்றி வாசித்தோம். ராஜேஷ்குமாரின் கதைகளில் இரண்டு தண்டவாளம் ஓடும். ஒரு அத்தியாயம் இங்கே, அடுத்தது வேறெங்கோ. கடைசியில் இரண்டும் எங்கே முட்டும் என்று பந்தயம் பிடிப்போம். 1500 நாவல்களுக்கு மேல் எழுதிய மனிதர் அவர். அதில் நல்லதும் இருக்கும், அவசரத்தில் எழுதியதும் இருக்கும். ஆனால் துப்பறியும் கதை என்றாலே அந்தச் சாணித்தாள்தான் என்று நாம் நின்றுவிட்டோம். கறி ஒன்று பிடிக்கவில்லை என்பதற்காகச் சோறே வேண்டாம் என்பது போல.

இந்த வகைக் கதை வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்றும் சிலர் நினைக்கிறார்கள். எட்கர் அலன் போ 1841இல் எழுதியதைத்தான் முதலாவது துப்பறியும் கதை என்று புத்தகங்கள் சொல்லும். அதற்கு முன்னூறு வருடத்துக்கு அருகில் முன்னால், 1557இல், வெனிஸ் நகரில் ஒரு புத்தகம் அச்சானது. பாரசீகத்திலிருந்து போன கதை அது. அதன் நாயகர்கள் ஸரந்தீப் அரசனின் மூன்று மகன்மார். ஸரந்தீப் என்பது அறபிகள் நம்முடைய இந்தத் தீவுக்கு வைத்த பெயர்.

அந்த மூவரும் வழியில் ஒட்டகம் தொலைத்த ஒருவனைச் சந்திக்கிறார்கள். "உன் ஒட்டகத்துக்கு ஒரு கண் தெரியாது, ஒரு பல் இல்லை, ஒரு கால் நொண்டி, சரிதானே?" என்று கேட்கிறார்கள். ஒரு பக்கத்தில் நெய்யும் மறுபக்கத்தில் தேனும் ஏற்றியிருந்தது என்பதையும் சொல்கிறார்கள். பார்க்காமல் இவ்வளவு சொல்ல முடியாது, இவர்கள்தான் கள்வர் என்று மூவரையும் பிடித்து அடைத்துவிடுகிறார்கள். ஒட்டகம் வேறிடத்தில் கிடைத்த பிறகுதான் விளக்கம் கேட்கிறான் அரசன். பாதையின் ஒரு பக்கத்தில் புல் நன்றாக இருந்தும் அதை விட்டுவிட்டு மறுபக்கத்துப் புல்லையே தின்றிருந்தது, அதனால் ஒரு கண். மென்று விழுந்த புல் உருண்டைகள் ஒரு பல்லின் அளவில் இருந்தன. மூன்று கால் தடம், நாலாவது இழுபட்ட கோடு. வழியின் ஒரு ஓரம் எறும்பு, மறு ஓரம் ஈ. ஷெர்லொக் ஹோம்ஸ் 1887இல் வந்து செய்த வேலையும் இதுதான்.

(இந்த இளவரசர்களின் கதையை மனதில் வைத்துத்தான் 1754இல் ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் செரண்டிபிற்றி என்ற சொல்லை உண்டாக்கினார். தேடாத ஒன்று கையில் வந்து சேருவதற்கு அந்தப் பெயர். நல்ல புத்தகம் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கிறது.)

அடுத்தது ஆயிரத்தொரு இரவுகளில் வரும் மூன்று அப்பிள் கதை. பெரியவர்களுக்குச் சொல்கிறேன், ஒருமுறை தேடி வாசியுங்கள். திஜ்லா ஆற்றில் ஒரு பெட்டி கிடைக்கிறது. உள்ளே ஒரு பெண்ணின் உடல். கலீபா ஹாரூன் ரஷீத், மூன்று நாளில் கொலைகாரனைக் கொண்டுவா, இல்லையென்றால் உன் தலை போகும் என்று மந்திரி ஜஃபருக்குக் கட்டளையிடுகிறார். துப்பறிபவர் என்று பார்த்தால் ஜஃபருக்குப் பூச்சியம்தான் போட வேண்டும், மூன்று நாளும் வீட்டிலேயே இருந்தார். கொலைகாரன் தானாக வந்து ஒப்புக்கொள்கிறான். அந்தப் பெண்ணின் கணவன்தான் அவன். நோயில் கிடந்த மனைவி ஆசைப்பட்டாள் என்று பஸ்ராவுக்குப் போய் மூன்று அப்பிள் வாங்கி வந்தவன். சில நாள் கழித்து ஒரு அடிமையின் கையில் அப்பிளைக் கண்டு, எங்கே கிடைத்தது என்று கேட்கிறான். என் காதலி தந்தது, அவளுடைய புருஷன் பஸ்ராவிலிருந்து கொண்டு வந்தது என்கிறான் அடிமை. வீட்டுக்கு ஓடிப் பார்த்தால் இரண்டு அப்பிள்தான் இருக்கிறது. மனைவிக்குப் பதில் தெரியவில்லை. கொன்றுவிட்டான். பிறகுதான் சின்ன மகன் அழுதுகொண்டு வருகிறான். அப்பிளை எடுத்தது அவன். தெருவில் வைத்து ஒருவன் பறித்துக்கொண்டு போனானாம். பஸ்ரா கதையையும் பிள்ளைதான் அவனிடம் சொல்லியிருக்கிறது.

இன்னும் ஒரு கேள்வி, மகனிடம் ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள். இந்த இடத்தில் நான் எப்போதும் அம்பாறையை நினைப்பேன்.

2018 பெப்ரவரி கடைசி. அம்பாறை நகரில் நம்மவர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. உணவில் ஒரு கட்டி. அது மலட்டு மாத்திரை என்று ஒருவர் சொன்னார், சுற்றி நின்றவர்கள் நம்பினார்கள். சரியாக விளங்காத மொழியில் மிரட்டிக் கேட்டதற்குக் கடையில் நின்றவர் ஆமென்பது போலத் தலையாட்டினார், அது வீடியோவாக நாடெங்கும் போனது. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பிறகுதான் வந்தது. அந்தக் கட்டி மா. உணவில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று இல்லவே இல்லை என்று வைத்தியர்களும் சொன்னார்கள். அறிக்கை வரும்வரை பொறுத்திருக்க அன்று அந்தக் கூட்டத்தில் யாரும் இருக்கவில்லை.

இதை மற்றவர்களைக் குறைசொல்ல மட்டும்தான் நாம் பயன்படுத்துகிறோம். நம்மூரில் போன வருடம் ஹவுழடியில் ஒரு ஃபோன் காணாமற் போனது ஞாபகமிருக்கும். அசருக்குள் வட்ஸ்அப் குழுவில் ஒரு வெளியூர் புடவை வியாபாரியின் படம் வந்துவிட்டது. "இவர்தான், கவனம்." பகிர்ந்தவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். மஃரிபுக்குப் பிறகு ஃபோன் சொந்தக்காரரின் வாகன இருக்கைக்கடியில் கிடந்தது. படத்தை அழித்தார்கள், சரி. அந்த மனிதர் இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை. அவருடைய ஃபோனில் அந்தப் படம் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

துப்பறியும் கதை வாசித்தால் இதெல்லாம் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. நல்ல துப்பறியும் கதையில் முதலில் சந்தேகப்படப்படுபவர் பெரும்பாலும் குற்றவாளியாக இருப்பதில்லை. நூறு கதை வாசித்த பிள்ளைக்கு அது இரத்தத்தில் ஊறியிருக்கும். நாற்பதாம் பக்கத்தில் யாரையும் தூக்கில் போடக்கூடாது என்பது அதற்குத் தெரியும். ஊருக்கு அந்தப் பழக்கம் இருந்தால் போதும், நான் அதற்கு மேல் கேட்கவில்லை. யூசுப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் சட்டை முன்னால் கிழிந்ததா பின்னால் கிழிந்ததா என்று பார்த்துத் தீர்ப்புச் சொன்ன சம்பவத்தை நம் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவிலேயே கேட்டு வளர்கிறார்கள். (கதைப் புத்தகத்தோடு குர்ஆனை ஒப்பிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சான்றைப் பார்த்துப் பேசுவது நமக்குப் புதிதல்ல என்று சொல்ல வந்தேன்.)

நூலகப் பாடவேளையில் ஹோம்ஸின் 'சில்வர் பிளேஸ்' கதையைத் தமிழில் என் பாட்டுக்குச் சொன்னேன். இரவில் பந்தயக் குதிரை களவு போகிறது. லாயத்தில் நாய் இருந்தது. நாய் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் துப்பு என்கிறார் ஹோம்ஸ். வகுப்பு அமைதியாகிவிட்டது. மற்ற நேரம் வாயே திறக்காத ஒரு பிள்ளை பின்வரிசையிலிருந்து, "வந்த ஆள் நாய்க்குத் தெரிஞ்சவர் சேர்" என்றது. நடக்காத ஒன்றும் சான்றுதான் என்பதைப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த கிழமை வரலாற்றுப் பாடத்தில் ஒருவன், "இத ஆர் சேர் பார்த்து எழுதின?" என்று கேட்டதாக அந்த ஆசிரியர் என்னிடம் வந்து அலுத்துக்கொண்டார். எனக்கு அது சம்பளம் கூடிய மாதிரி இருந்தது.

பெரியவர்களுக்கு, அதிலும் ராஜேஷ்குமார், சுஜாதாவின் கணேஷ் வசந்த், அகதா கிறிஸ்டி எல்லாம் முடித்துவிட்டு இனி என்ன என்று கேட்பவர்களுக்கு: ஜப்பானுக்குப் போங்கள். செய்ச்சோ மட்சுமோட்டோ 1958இல் எழுதிய 'பொயின்ட்ஸ் அன்ட் லைன்ஸ்' முழுக்க ரயில் நேர அட்டவணைதான். கடற்கரையில் ஒரு ஆணும் பெண்ணும் இறந்து கிடக்கிறார்கள். காதலர் தற்கொலை என்று பொலிஸ் கோப்பை மூடப் பார்க்கிறது. ஒரு வயதான, கசங்கிய சட்டைப் பொலிஸ்காரருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. இறந்தவரின் பையிலிருந்த ரயில் சாப்பாட்டுப் பற்றுச்சீட்டில் ஒரு ஆள் என்று எழுதியிருக்கிறது. காதலியோடு பயணம் போகிறவர் ஏன் தனியாகச் சாப்பிட்டார்?

கெய்கோ ஹிகாஷினோவின் 'த டிவோஷன் ஒஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' ஆசிரியர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டியது. கொன்றது யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அதை மறைப்பவர் ஒரு கணித ஆசிரியர். கேட்கிற கணக்கு ஒன்று, மாணவர்கள் செய்ய நினைக்கிற கணக்கு வேறு என்று பரீட்சை வினா எழுதும் மனிதர். அதே தந்திரத்தைப் பொலிஸிலும் பிரயோகிக்கிறார். 'பாபநாசம்' படம் பிடித்தவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

எகிப்தியர் தௌபீக் அல்ஹகீம் 1937இல் எழுதிய கிராமத்து அரச வழக்கறிஞரின் நாட்குறிப்பு வேறு ரகம். 'மேஸ் ஒஃப் ஜஸ்டிஸ்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒருவரைச் சுட்டுவிடுகிறார்கள், விசாரணை தொடங்குகிறது, கடைசிவரை விடை இல்லை. தங்களுக்கு விளங்காத சட்டத்தின் முன்னால் கிராமத்து மக்கள் முழித்துக்கொண்டு நிற்கும் பக்கங்களில் சிரிப்பு வரும், பிறகு வயிற்றைப் பிசையும். நம் நாட்டுக் கதை வேண்டுமென்றால் 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவல் இருக்கிறது. இறந்துபோன புகைப்படக்காரர் ஏழு நிலாக்களுக்குள் தன்னைக் கொன்றவனைக் கண்டுபிடிக்க வேண்டும். அது வளர்ந்தவர்களுக்கான புத்தகம். இந்த நாட்டில் காணாமற் போனவர்களின் கோப்புகளை நினைத்துக்கொண்டு வாசித்தால் நித்திரை வராது.

இவற்றில் பலதை ஆங்கிலத்தில்தான் வாசிக்க வேண்டும் என்பது உண்மை. ஆங்கிலம் கஷ்டம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கொலைகாரன் யாரென்று தெரிய வேண்டும் என்ற ஆவலில் அகராதியைத் திறக்காமலே நூறு பக்கம் ஓடிவிடும். இலக்கண வகுப்பு செய்யாத வேலை அது. ஹோம்ஸ் கதைகள் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கொழும்புக்குப் போகிறவர்கள் டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் ஒரு மணித்தியாலம் செலவழியுங்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி. பட்டியலோடு போங்கள், ஆனால் பட்டியலில் இல்லாத ஒன்றையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று கேட்பவர்கள் ஹோம்ஸின் சிறுகதைகளில் தொடங்கலாம், தேவனின் 'துப்பறியும் சாம்பு'வும் பயமில்லை. மற்றவற்றை நீங்கள் முதலில் வாசித்துவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்பறை வாசிப்பு மூலையில் ஒரு தட்டை இந்தக் கதைகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். இப்போதைக்கு ஒன்பது புத்தகம். வீட்டில் சும்மா கிடப்பது இருந்தால் தந்துதவுங்கள். எதைப் பிள்ளைகளிடம் கொடுப்பது என்று நான் வாசித்துப் பார்த்தே முடிவு செய்வேன். மேலட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கடைசிப் பத்துப் பக்கமும் இருக்கிறதா என்று மட்டும் தயவுசெய்து பார்த்துவிட்டுத் தாருங்கள். போன மாதம் கிடைத்த ஒன்றில் அது இல்லை, நான்கு பிள்ளைகள் இன்னும் என்னோடு கோபம்.